கைநாட்டுக்கும் வழியில்லாத கை

கிட்டுசாமியை முதலில் மறந்தது அவருடைய செல்போன்தான்.

கார்த்திகை பிறந்த சமயம். காலையில் எழுந்து, ஊருக்குக் கூப்பிடலாம் என்று கட்டைவிரலைப் போனில் வைத்தார். திறக்கவில்லை. விரலைப் பனியனில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். 'நீ யாரோ, போய்யா' என்கிற மாதிரி போன் ஒரு உதறு உதறிற்று. திரும்பத் திரும்ப வைத்து உதறு வாங்கிய பிறகு, ஜன்னல் வெளிச்சத்தில் விரலைத் திருப்பிப் பார்த்தார். தேய்ந்த சோப்புத் துண்டு மாதிரி வழுவழுவென்று இருந்தது. நடுவில் ஒரு வெடிப்பு. வெடிப்புக்குள் சிவப்பு. ரேகை இருந்த இடத்தில் ஒன்றையும் காணோம்.

போனைப் பற்றி அவருக்குக் கவலை வரவில்லை. அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அடுத்த வாரம் கைரேகை எடுக்க வரச் சொல்லிக் கவர்மென்ட் கடுதாசி வந்திருந்தது.

கிட்டுசாமிக்கு ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். நியூஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சர் ரயிலடியிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கிற ஒரு டிபன் ஓட்டலில் மாவு ஆட்டுவதிலிருந்து தோசை திருப்புவது வரைக்கும் அவர் கைதான். ஒரு வீட்டு பேஸ்மென்ட்டில் தனிக்கட்டை மாதிரி இருக்கிறார். ஆனால் தனிக்கட்டை இல்லை. பொண்டாட்டி எழிலரசியும் மகள் மானஸாவும் ஊரில். அவர்களை நேரில் பார்த்து ஐந்து வருஷம் ஆகிறது. ஓட்டல் முதலாளி ஸ்ரீநிவாசன் இவருக்காக கிரீன் கார்டுக்கு எழுதிப் போட்டு, அது ஆமை நடை நடந்து, ஒருவழியாகக் கைரேகை வரைக்கும் வந்து நின்றிருக்கிறது. இந்த நேரத்தில் நாட்டை விட்டுக் காலை வெளியே வைத்தால் போட்ட மனு செத்தது. அதனால் இவர் அங்கே போக முடியாது. கார்டு வந்தால் அவர்கள் இங்கே வரலாம்.

அதிலும் ஒரு கத்தி தொங்குகிறது. வருகிற ஆனியில் மானஸாவுக்கு இருபத்தொன்று. அதற்குள் காரியம் முடியாவிட்டால் அவள் தனி ஆள் கணக்கில் போய்விடுவாள், அப்பன் கார்டைப் பிடித்துக்கொண்டு வர முடியாது என்று வக்கீல் சொல்லியிருந்தார். மகளை விட்டுவிட்டு எழிலரசி ஒருநாளும் விமானம் ஏற மாட்டாள். ஆகமொத்தம், ரேகை விழுந்தால் குடும்பம் வரும். விழாவிட்டால் கிட்டுசாமி இப்படியே கிழவனாக வேண்டியதுதான்.

வியாதி புதிதில்லை. வருஷா வருஷம் சொல்லிவைத்த மாதிரி வருகிற விருந்தாளிதான். வீட்டுக்குள் ஹீட்டர் போட ஆரம்பிக்கிற வாரத்தில் விரல் இடுக்கில் கசகசா மாதிரி பொரியும். அப்படி ஓர் அரிப்பு அரிக்கும். பிறகு பொரி வற்றி, தோல் காய்ந்து, வெயிலில் கிடந்த வாழைமட்டை மாதிரி பிளக்கும். வெளியே எலும்பைக் கடிக்கிற குளிர், உள்ளே தொண்டை காய்கிற ஹீட்டர் சூடு. நடுவில் இவர் கை நாள் முழுக்கத் தண்ணீரில். அரிசி களைய, உளுந்து கழுவ, ஒவ்வொரு தடவை கிளவுஸ் மாற்றும்போதும் சோப்புப் போட்டுக் கழுவ. உப்புப் போட்டு மாவைக் கரைக்கும்போது வெடிப்புக்குள் உப்பு இறங்கும். புளி கரைக்கிற நாளில் அவர் கண்ணில் தண்ணீர் நிற்கும். கேட்டால் வெங்காயம் என்பார். முன்பெல்லாம் பங்குனி வந்து வெயில் எட்டிப் பார்த்ததும் கை தானாக ஆறிவிடும். இந்த வருஷம் கடுதாசி வந்த அன்றைக்கே பொரி மணிக்கட்டு வரைக்கும் ஏறிவிட்டது. பயப்படப் பயப்பட அரித்தது, அரிக்க அரிக்கச் சொறிந்தார், சொறிந்ததைப் பார்த்து இன்னும் பயந்தார்.

அவர் அப்பன் கைநாட்டு. சொசைட்டியில் உரம் வாங்கப் போனால் மை டப்பாவைத் தள்ளி, "வாய்யா கைநாட்டு, விரலக் குடு" என்பான் அங்கிருந்த கிளார்க். மீசை வைத்த மனுஷன், விரலைத் தலைமயிரில் துடைத்துக்கொண்டு சிரித்தபடி வருவார். பக்கத்தில் நின்ற கிட்டுசாமிக்கு அந்தச் சிரிப்புதான் பொறுக்காது. ஏழாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனாலும் கையெழுத்தை மட்டும் விடவில்லை. சிலேட்டில், சிமென்ட்டுத் தரையில், பஸ் டிக்கெட்டின் பின்னால் என்று போட்டுப் பழகினார். பெரிதாக வளைத்து, அடியில் ஒரு கோடு இழுத்து, இரண்டு புள்ளி வைப்பார். தாசில்தார் தோற்றான்.

கைரேகை ஆபீசுக்குப் போன அன்றைக்கு அந்தக் கையெழுத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அதை யாரும் பார்க்கவில்லை. டை கட்டியவர்கள், லேப்டாப் பை மாட்டியவர்கள், பெரிய படிப்புப் படித்தவர்கள் எல்லாம் வரிசையாகப் போய்க் கண்ணாடியில் விரலை வைத்துவிட்டு வந்தார்கள். இத்தனை பாடுபட்டு அமெரிக்கா வந்தால் இங்கே எல்லாரும் கைநாட்டுதான். இவர் முறை வந்தது. மெஷின் விரலைத் தின்று பார்த்துவிட்டுத் துப்பிற்று. ஸ்பிரே அடித்துத் துடைத்தார்கள், அழுத்தினார்கள், உருட்டினார்கள். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ புகை மாதிரி தெரிந்ததே தவிர ரேகை விழவில்லை.

அப்பனுக்கு அதுவாவது இருந்தது என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினார்.

மார்கழியில் இரண்டாவது கடுதாசி வந்தது. முதலில் எடுத்தது செல்லாது, தையில் ஒருநாள் மறுபடி வரவும் என்று. வக்கீலிடம் கேட்டதற்கு, "இதான் கடைசி சான்ஸ்னு வச்சுக்கோங்க. இதுவும் ரிஜெக்ட் ஆச்சுன்னா, போலீஸ்ல கேஸ் எதுவும் இல்லன்னு பேப்பர் கொண்டா, அது இதுன்னு சுத்த விடுவாங்க. டேட்ட மட்டும் மாத்திடாதீங்க. மறுபடி எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது" என்றார்.

முதலாளியிடம் லீவு கேட்டுப் பார்த்தார். கையை நாலு நாள் தண்ணீர் படாமல் வைத்தால் ஆறிவிடும் என்று ஒரு நப்பாசை.

ஸ்ரீநிவாசன் நெற்றியைத் தேய்த்தார். கெட்ட மனுஷன் இல்லை. சென்னைக்காரர், பேச்சில் பாதி இங்கிலீஷ்.

"கிட்டு, எனக்கும் கொடுக்க ஆசைதான்பா. ஆனா இது ஹாலிடே சீசன். பார்ட்டி ஆர்டர் தலைக்கு மேல இருக்கு. உன்ன விட்டா மாவுக்கு யாரு இருக்கா? அதோட, நீ வேலைல இருக்கேன்னுதான பேப்பரே நகருது? இப்பப்போய் லாங் லீவு எடுத்து, எவனாவது கேட்டான்னா? டபுள் கிளவுஸ் போட்டுக்கோ. அப்புறம் ஒண்ணு, கஸ்டமர் கண்ணுல கைய காட்டாத. ஹெல்த் இன்ஸ்பெக்ஷன்ல பாத்தா கடையையே மூடிடுவான்."

"சரிங்க."

"கோச்சுக்காத."

"நானெங்கீங்க கோவிச்சுக்கறது. கோவிச்சுக்கிட்டுப் போறதுக்கு எடம் வேணுமில்லீங்க."

இரண்டு கிளவுஸ் போட்டார். உள்ளே வியர்த்தது. வியர்த்த தோல் வெந்தது. கழற்றும்போது கிளவுஸோடு தோலும் வந்தது.

கேஷ் கவுன்ட்டரில் ஜூலியட் என்று ஒரு பெண். தூத்துக்குடிக்காரி, புருஷன் பக்கத்து ஊரில் கம்ப்யூட்டர் வேலை. கிறிஸ்மஸுக்கு கவுன்ட்டர் மேல் காகித நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்து, "அய்யோ, என்ன அண்ணாச்சி, கைய இப்பிடி வச்சிருக்கீய? டாக்டர்ட்ட காட்டக்கூடாதா?" என்றாள்.

"பனிக்கு வர்றதுதான் கண்ணு. பங்குனில போயிரும்."

"பங்குனிக்கா ரேகை எடுக்க உங்களக் கூப்பிட்டிருக்கான்? தைக்குல்லா கூப்பிட்டிருக்கான்!"

கிட்டுசாமி கரண்டியை எடுத்தார். தோசைக்கல்லைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

காலையில் இங்கே விடியும்போது அங்கே பொழுது சாயும். மார்கழி முடியப் போகிற ஒருநாள் எழிலரசி வீடியோவில் வந்தாள். கிட்டுசாமி கையைக் கீழேயே வைத்துக்கொண்டு பேசினார். ஆனால் ஐந்து வருஷமாகத் திரையிலேயே குடும்பம் நடத்துகிறவளிடம் ஒளிக்க முடியுமா?

"ஏனுங்க மாமா, கையத் தூக்குங்க பாக்கலாம்."

"எதுக்கு புள்ள? எனக்கு நாயம் பேசறதுக்கு வாயி பத்தாதா?"

"தூக்குங்கன்னா தூக்குங்க."

தூக்கிக் காட்டினார். எழிலரசி திரைக்குக் கிட்டே வந்து பார்த்தாள். பக்கத்திலிருந்து மானஸாதான், "அப்பா, இதென்னங்ப்பா, ஒரல்ல போட்டு இடிச்சாப்பல இருக்குது" என்றாள்.

"சும்மா இரு சாமி. பனிக் காத்து."

எழிலரசிக்குத் தன் அம்மாவின் கால் ஞாபகம் வந்தது. முகம் தெளிந்தது. "மருதாணி வெய்யுங்க. எங்கம்மாளுக்குப் பித்தவெடிப்புக் காலெல்லாம் பாளம் பாளமா இருந்துச்சே, எதுல ஆறுச்சு? மருதாணிலதான். குளிர்ச்சிங்க அது. வெடிப்பும் கூடிரும், ரேகையும் செவச்செவன்னு எடுத்துக் காட்டும். விரலுக்கு விரல் தொப்பி போடுங்க."

"இங்க மருதாணிக்கு நான் எங்க போவேன்? மரமெல்லாம் மொட்டையா நிக்குது."

"கடைல டியூப்ல விக்குமில்லீங்க? கலியாணத்துக்கெல்லாம் வெக்கறாங்களே. நீங்க அரைக்கக்கூட வேண்டாம்." அப்புறம் சிரித்தாள். "உங்களுக்கு நானே வெச்சு வுடுவேன். வந்து வெக்கறதுக்குத்தானுங்க இந்தப் பாடு."

அந்தச் சிரிப்பை அவர் பார்த்து நாளாகியிருந்தது. அவள் கையில் எத்தனையோ மாசமாகக் கொடுக்க ஒன்றுமில்லை. அழுகையும் ஆறுதலும்தான் இருந்தன. இன்றைக்கு ஒரு வைத்தியம் கிடைத்திருக்கிறது. அதைத் தட்ட கிட்டுசாமிக்கு மனசு வரவில்லை.

அன்றைக்கு ஓட்டலில் மத்தியானக் கூட்டத்துக்கும் ராத்திரிக் கூட்டத்துக்கும் நடுவே இருந்த ஓய்வில் இந்தியன் கடைக்குப் போனார். ஊதுபத்திக்கும் குங்கும டப்பாவுக்கும் நடுவில் ஒரு தட்டில் மருதாணி கோன் கோனாகக் கிடந்தது.

"ரெட்டா, பிளாக்கா?" என்றான் கடைக்காரன்.

"எது நல்லாப் புடிக்கும்?"

"பிளாக்தான். அரை மணி நேரத்துல பிடிச்சிடும்."

பிடிக்க வேண்டும், அதுதான் வேண்டும். கறுப்பை வாங்கினார். அதில் மருதாணி இலை பேருக்குக்கூட இல்லை, சாயமும் ரசாயனமும்தான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் அறிந்த மருதாணி அம்மிக்கல்லில் பச்சையாக அரைபடுவது. பேஸ்மென்ட்டில் உட்கார்ந்து கோனின் மூக்கை நறுக்கியதும் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. 'அமெரிக்கா மருதாணி அப்படித்தான் போல' என்று நினைத்துக்கொண்டார். இடது கை விரல்களுக்கெல்லாம் கெட்டியாகத் தொப்பி போட்டு, ஹீட்டருக்கு முன்னால் காட்டிக் காய வைத்தார். பிறகு வலது கை. கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்து வந்தவர், சுண்டுவிரலுக்கு வரும்போது கோன் காலி. பிதுக்கிப் பார்த்தார். காற்றுதான் வந்தது. ஒரு விரல்தானே, போகட்டும் என்று விட்டுவிட்டார். காய்ந்த கைகளைப் போனில் காட்டியபோது எழிலரசி கைதட்டினாள்.

மறுநாள் ஓட்டலில் ஜூலியட் கேட்டாள்: "என்ன அண்ணாச்சி, உங்களுக்குக் கல்யாணமா? பொண்ணு எந்த ஊரு?"

"உங்க ஊருதான். வாயாடியாப் பாத்துப் புடிச்சிருக்குது."

"அப்ப சீர் நல்லா செய்வோம். ஆனா மாப்பிள்ள கைல என்ன, தாரு பூசியிருக்கு?"

சிரித்துக்கொண்டேதான் இருந்தார். சாயங்காலம் விரல் நுனியில் சுருக்கென்று ஒரு சூடு ஏறியது. குளிர்ச்சி உள்ளே வேலை செய்கிறது என்று எண்ணிக்கொண்டார். அடுத்த நாள் விரல்கள் வீங்கி, கறுப்புப் பிடித்த இடமெல்லாம் கொப்புளம் எழும்பியது. அதற்கடுத்த நாள் கொப்புளம் உடைந்து நீர் வடிந்தது. மாவுப் பாத்திரத்துக்கு முன்னால் நின்றவர் கையை உள்ளே விட முடியாமல், கையைத் தூக்கிப் பிடித்தபடி, சாமிக்கு முன்னால் நிற்கிறவர் மாதிரி நின்றார்.

ஜூலியட் வந்து பார்த்தாள். இந்தத் தடவை கேலி இல்லை. "கோட்ட மாட்டுங்க அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லி, காரை எடுத்தாள்.

அவளுடைய சர்ச்சுக்கு வருகிற குடும்பத்துப் பெண் ஒருத்தி டாக்டர். பேர் ஃபெபி. இங்கேயே பிறந்தவள். தமிழ் சொன்னால் புரியும், சரியாகப் பேச வராது. அவளுடைய தாய் தகப்பனும் தமிழ்தான் என்பதால் இவரைப் பார்த்ததும் 'அங்கிள்' என்று கூப்பிட்டாள். அதிலேயே கிட்டுசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. கையை விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஓ நோ. அங்கிள், திஸ் இஸ் நாட் ஹென்னா. பிளாக் டை. கெமிக்கல் பர்ன் மாதிரி, அலர்ஜி. இனிமே வேண்டாம், ஓகே? நெவர்." அப்புறம் வெடிப்பைத் தொட்டாள். "இது? வின்ட்டர் ஒன்லி?"

"ஆமாங்க. பனிக்கு வந்து பங்குனிக்குப் போயிருமுங்க. இந்த வருசந்தான் போகமாட்டேங்குது."

"திஸ் இயர் வாட் ஹேப்பண்ட்? ஸ்ட்ரெஸ் இருக்கா?"

கிட்டுசாமி ஜூலியட்டைப் பார்த்தார்.

"கவலையா இருக்கீயளான்னு கேக்கா. மனசு கெடந்து அடிச்சுக்குதான்னு."

"அது இல்லாத மனுசன் யாருங்க? எல்லாத்துக்கும் இருக்கறதுதான்."

டாக்டர் சிரிக்கவில்லை. பாதி இங்கிலீஷிலும் மீதி குழந்தைத் தமிழிலும் சொன்னாள். ஜூலியட் அதை ஒட்டுப்போட்டுக் கொடுத்தாள். குளிர்காலக் காற்றும் ஹீட்டர் சூடும் தோலிலிருந்து ஈரத்தை உறிஞ்சிவிடும். சோப்பும் தண்ணீரும் மிச்சத்தைக் கழுவிவிடும். தோல் தானே பின்னி மூடிக்கொள்ளும், ஆனால் மனசு இறுகிக் கிடந்தால், தூக்கமில்லாவிட்டால், அந்தப் பின்னல் தாமதமாகும். பின்னுவதற்குள் சொறிந்து சொறிந்து இவர் பிரித்துவிடுகிறார். பனி ஒரு பங்கு, கவலை ஒரு பங்கு.

"அப்ப கவலைப்படாம இருந்தா ரேகை வருமுங்களா?"

"வரும் அங்கிள். சேம் ரேகை வரும். ஸ்கின் ஹீல் ஆகணும். தண்ணி வேண்டாம், ஆயின்ட்மென்ட், ரெஸ்ட்… சிக்ஸ் வீக்ஸ், மே பி மோர்."

"அடுத்த வாரம் கேட்டிருக்கானுங்க."

"கேன் யூ போஸ்ட்போன்?"

முடியாது என்று கிட்டுசாமி தலையை ஆட்டினார். ஆறு வாரம் என்பது அவருக்கு ஆறு யுகம். தேதியை மாற்றினால் எப்போது வரும் என்று தெரியாது. மாற்றாவிட்டால் விரல் இல்லை. கவலைப்பட்டால் ஆறாது என்கிறாள் இந்தப் பிள்ளை. ஆறாவிட்டால் கவலைப்படாமல் எப்படி இருப்பது? கிணற்றில் விழுந்தவனிடம், நனையாமல் இருந்தால் கயிறு தருகிறேன் என்கிற மாதிரி இருந்தது.

"போய்ப் பாத்தர்றனுங்க" என்றார். "எனக்கு ஒரு அதிர்ஷ்டம் இருந்தாலும் இருக்குமில்லீங்க."

அந்த ஒரு வாரமும் ஜூலியட்டே முதலாளியிடம் சண்டை போட்டு, மாவுப் பக்கம் போகவிடாமல் அவரைக் காய்கறி மூட்டை இறக்கவும் ஆர்டர் பொட்டலம் கட்டவும் வைத்தாள். ஸ்ரீநிவாசனே சட்டைக் கையை மடித்துக்கொண்டு மாவு கரைத்தார். தோசை கல்லில் ஒட்டியது, திட்டிக்கொண்டே சுரண்டினார். கிட்டுசாமி ஆயின்ட்மென்ட்டைப் பூசி, பருத்தி உறை மாட்டிக்கொண்டு படுத்தார். கண்ணை மூடினால் மெஷின் திரை. சாம்பல் புகை. உறைக்குள்ளே விரல் தானாகத் தேய்த்துக்கொள்ளும். காலையில் வீடியோவில் கூப்பிட்டால் கேமராவைப் போட மாட்டார். "இங்க சிக்னல் இல்ல புள்ள" என்பார். எழிலரசி, "மருதாணி எப்படிங்க, நல்லாச் செவந்துச்சுங்களா?" என்பாள். "செவந்துச்சு, செவந்துச்சு" என்பார். அது பொய்யும் இல்லை.

தையில் அந்த நாள் வந்தது. ரோட்டோரமெல்லாம் பனி அழுக்காகக் குவிந்து கிடந்தது. ஜூலியட்தான் காரில் கூட்டிப் போனாள்.

மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற கறுப்பினத்து அம்மாள் பெரிய உருவம், மெதுவான கை. உறையைக் கழற்றியதும் அவள் மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாக, குழந்தைக்குப் பாட்டில் கொடுக்கிற பதத்தில் பிடித்து வைத்தாள். "ரிலாக்ஸ், ஹனி" என்றாள். ரிலாக்ஸ் என்றால் அவருக்குத் தெரியும். அதுதான் முடியவில்லை.

இடது கை. கட்டைவிரல், திரையில் சிவப்புப் பெருக்கல் குறி. ஆள்காட்டி, சிவப்பு. நடுவிரல், சிவப்பு. மறுபடி துடைத்து வைத்தாள், மறுபடியும் சிவப்பு. கண்ணாடியில் விரல் பட்ட இடத்தில் ஈரம் ஒட்டிக்கொண்டது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். வலது கையும் அதே கதைதான். கட்டைவிரல் போயிற்று, அடுத்தது, அதற்கடுத்தது. கிட்டுசாமி திரையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். சுவரில் மாட்டியிருந்த கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

'டிங்' என்று ஒரு சத்தம்.

திரும்பினார். திரையில் பச்சை. பச்சைக்குள்ளே ரேகை, உழுத சால் மாதிரி, வளைந்து வளைந்து, ஒரு சால்கூடப் பிசகாமல்.

"பெர்ஃபெக்ட் பிங்கி!" என்றாள் அந்த அம்மாள், தான் பெற்ற பிள்ளை பாஸான மாதிரி.

அவருக்குப் பிங்கி என்றால் என்னவென்று தெரியவில்லை. எந்த விரல் என்று குனிந்து பார்த்தார். வலது சுண்டுவிரல். வெடிப்பு இருந்தது, ஆனால் ஓரமாக, சின்னதாக. கறுப்பு இல்லை. கொப்புளம் இல்லை. கோன் காலியானதால் விட்டுப்போன விரல்.

கொஞ்ச நேரம் அவருக்கு அது மண்டையில் ஏறவில்லை. ஏறியபோது மெஷின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். ஒரு வாரம் தண்ணீரிலிருந்து தப்பியதும் சுண்டுவிரல் தானாகத் தேறியிருக்கிறது. மற்றதையும் சும்மா விட்டிருந்தால்? அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். தாளில் முத்திரை குத்தினாள். மெஷின் எடுத்ததை அனுப்பிவிடுகிறோம், கடுதாசி வரும் என்றாள். அவர் தலையை ஆட்டி, "தேங்க்ஸ் மேடம்" என்றார். கையெழுத்துப் போடச் சொன்னாள். பேனாவைப் பிடிக்க முடியாமல் பிடித்துப் போட்டார். கோடு இழுக்க வரவில்லை. புள்ளி மட்டும் வைத்தார்.

காரில் உட்கார்ந்து ஜூலியட் வக்கீலுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ஒரு விரல் போதாதுங்க" என்றது வக்கீல் குரல். "போலீஸ் பேப்பர் கேட்டு எழுதுவாங்க. அத வாங்கிக் குடுத்து, அவங்க பாத்து… சம்மர் ஆயிடும்."

"ஆனிக்குள்ள, அதாவது ஜூனுக்குள்ள ஆயிருமுங்களா?" என்றார் கிட்டுசாமி.

"ட்ரை பண்ணுவோம். ப்ராமிஸ் பண்ண முடியாது."

ஜூலியட் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள், வண்டியை எடுக்கவில்லை. அப்போது கிட்டுசாமியின் போன் அடித்தது. எழிலரசி. சுண்டுவிரலால் இழுத்து எடுத்தார். கேமராவைப் போடவில்லை.

"ஏனுங்க மாமா, என்னாச்சுங்க? விழுந்துச்சுங்களா? நாங்க ரெண்டு பேரும் சோறுகூட உங்காம குந்திக்கிட்டு இருக்கறோம்."

"விழுந்துச்சு புள்ள." கையைப் பார்த்துக்கொண்டார். "ஒண்ணு."

"ஒண்ணுங்களா? எதுங்க?"

"சுண்டுவெரலு."

அந்தப் பக்கம் மானஸா ஏதோ மெல்லக் கேட்டாள். எழிலரசி, "சித்தெ இரு கண்ணு" என்று அதட்டினாள். பிறகு அவள் குரல் மெதுவாக மேலே வந்தது.

"நாஞ் சொன்னனில்லீங்க? மருதாணி புடிச்சிருக்குதுங்க! ஒண்ணு புடிச்சுதுன்னா மத்ததும் புடிக்குமுங்க. நீங்க பாட்டுக்கு நிறுத்திப்போடாதீங்க மாமா. இன்னொருக்கா வெய்யுங்க. நல்லாக் கெட்டியா வெய்யுங்க."

ஜூலியட் சட்டென்று போன் பக்கம் திரும்பினாள். "அக்கா, அது…" என்று வாயெடுத்தாள். கிட்டுசாமி வெந்த கையைத் தூக்கி அவளை மறித்தார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள்.

"வெக்கறேன் புள்ள" என்றார் கிட்டுசாமி. "நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும். நல்லாக் கெட்டியா வெக்கறேன். நீங்க போயிச் சோறு உண்ணுங்க."

போனை மடியில் போட்டார். பருத்தி உறையை ஒவ்வொரு விரலாக மாட்டினார். சுண்டுவிரலுக்கு வந்ததும் நிறுத்தி, அதை மட்டும் வெளியே விட்டுவிட்டார்.

"ஓட்டல்ல லஞ்சுக்கு நேரமாச்சு" என்றார். "ஓட்டு கண்ணு."